முள்ளம்பன்றி போன வழி

பளை
21.01.2024

என் அன்பு அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீங்கள், அத்தான், பிள்ளைகள் எல்லோரும் வவுனியாவில் இருமல் தடிமன் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். உள்ளே மடித்து வைத்த கடதாசியை மெதுவாகத் திறவுங்கள். உள்ளே இருப்பது ஒரு பூச்சியின் செட்டை, சிறகு; அதைப் போனில் அனுப்ப முடியாது. அதோடு, போன் எடுத்தால் நீங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எப்ப அந்த வேலையை விடப்போறாய்?" கடிதத்தில் என்னை மறித்துக் கதைக்க உங்களால் ஏலாது.

இந்தச் செட்டை எங்கள் தங்குமிடத்துக் கிணற்றடி லைற்றின் கீழே கிடந்தது. உடம்பை ஏதோ பறவை தின்றுவிட்டது. நடுவில் கண்ணாடி போல ஒரு வட்டம் இருக்கிறது, பாருங்கள். அதற்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிகிறது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் பிரிவுத் தலைவி கௌசலா அக்கா பார்த்துவிட்டு, "உம்மட கொக்காவுக்கு அனுப்பும், அவா பூச்சிப் படிப்பெல்லோ" என்றார்.

நாங்கள் இப்போது மிதிவெடி எடுக்கிற நிலம் முந்தித் தென்னந்தோட்டமாக இருந்ததாம். இப்போது பற்றைக்காடு. நான் வேலை செய்யும் இடத்துக்கு முன்னால், இன்னும் துப்புரவு செய்யாத பக்கத்தில், ஒரு இலந்தை நிற்கிறது. அதில் ஒரு பழுப்புக் கூடு காம்போடு தொங்குகிறது. இந்தச் செட்டைக்காரருடைய வீடாக இருக்குமோ? அதன் அடியால் ஒரு முள்ளம்பன்றி தினமும் இரவில் போய் வருகிறது. பாதை விழுந்திருக்கிறது, முள்ளும் கிடக்கிறது. ஆளை இன்னும் காணவில்லை.

இன்னொரு செய்தி. கௌசலா அக்காவுக்கு முழங்கால் ஏலாது. ஆனியில் விலகப் போகிறார். அவருடைய இடத்துக்குச் சித்திரையில் சோதனை வைக்கிறார்கள். நான் எடுக்கப் போகிறேன். ஆகையால் உங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கென்று பார்த்து வைத்திருக்கும் ஆய்வுகூட உதவியாளர் வேலையை மறந்துவிடுங்கள். கோபிக்க வேண்டாம்.

உங்கள் தங்கை
சுதாஜினி


வவுனியா
30.01.2024

அன்புள்ள சுதா,

உன் கடிதம் வந்த நேரம் குசினியில் நின்றேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அத்தான் அதையே சாப்பிட்டார், பாவம். நாங்கள் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அடி பிள்ளை, நீ அனுப்பியது காட்டுப் பட்டு அந்துப்பூச்சியின் செட்டை! இலந்தையில் தொங்குவது அதன் கூடேதான். என் முதுமாணிப் பட்ட ஆய்வு வடக்கின் அந்துப்பூச்சிகளைப் பற்றியது என்று உனக்குத் தெரியும். இந்த இனத்துக்கு உங்கள் பக்கத்துப் பதிவு ஒன்றுகூட என் கையில் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை கிணற்றடியில் பொறுக்கி அனுப்புகிறது!

உன் முள்ளம்பன்றியைப் பற்றியும் சொல்கிறேன். பெயரில்தான் பன்றி. அது எலியின் வரிசை, கொறிக்கிற சாதி. அணிலுக்கும் வயல் எலிக்கும் பெரியப்பா முறை. அந்து, செதில் சிறகுப் பூச்சிகளின் வரிசை. ஒன்றுக்கு முதுகெலும்பு, மற்றதற்கு எலும்பே இல்லை. ஒன்று பால் கொடுக்கும், மற்றது முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். முள்ளம்பன்றியின் முள் தடித்த மயிர். அந்தின் செட்டைத் தூளும் ஒருவகை மயிர் உருமாறியதுதான். ஆனாலும் இரண்டுக்கும் உறவில்லை. இதைக் கேள்: முள்ளம்பன்றியின் பல் சாகும்வரை வளரும். கொறிக்காவிட்டால் அதன் வாயையே குத்தும். உன் அந்துக்கோ வாய் இருந்தும் வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு சில நாள் பறந்து, சோடி தேடி, முடிந்துவிடும். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் மயிர் கூச்செறியும்.

அழியும் உயிர்களின் உலகப் பட்டியலில் முள்ளம்பன்றிக்கு 'கவலை ஆகக் குறைந்தது' என்று போட்டிருக்கிறது. வன்னியில் இறைச்சிக்கு அடிக்கிறவர்களுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. அந்துக்கு நான் தேடியவரை 'மதிப்பிடப்படவில்லை'. அதாவது ஆபத்து என்றும் சொல்லவில்லை, ஆபத்து இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்தக் கூடு வேண்டும், சுதா. கையெட்டும் தூரம்தானே? கூட்டிலிருந்து முழு அந்து வெளிவந்தால்தான் என் மேற்பார்வையாளர் பதிவாக ஏற்பார். ஒற்றைச் செட்டையைக் காற்றும் கொண்டு வந்திருக்கலாம் என்பார்.

ஆய்வுகூட வேலையை நான் மறக்கவில்லை. அதிபரிடம் ஆவணிவரை கேட்டு வைத்திருக்கிறேன். நீ மிதிவெடியோடு இருக்கும்வரை எனக்கு நித்திரை இல்லை.

உன் அக்கா
தாட்சாயினி


பளை
14.02.2024

அன்பு அக்காவுக்கு,

மழை விட்டு வெயில் பிடித்துவிட்டது. கவசத்துக்குள் அவிகிறோம், மற்றப்படி சுகம். அத்தானின் சலரோகம் எப்படி?

உங்கள் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டில் எல்லோருக்கும் வாசித்தேன். வாய் வேலை செய்யாத பூச்சி என்றதும் எங்களோடு வேலை செய்யும் தங்கம்மா அக்கா, "அப்பிடி ஒரு மனுசன் எனக்குக் கிடைச்சிருந்தா நான் எவ்வளவு சமைச்சு மிச்சம் பிடிச்சிருப்பன்" என்றார். எல்லோரும் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது.

கூடு கையெட்டும் தூரத்தில் இல்லை அக்கா. கண்ணெட்டும் தூரத்தில். எனக்கும் அதற்கும் நடுவில் சிவப்புத் தடி நட்டிருக்கிறது. சிவப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் பார்த்த நிலம். அந்தப் பக்கம் பார்க்காத நிலம். ஒரு மீற்றர் அகலத்தில் ஒழுங்கை போல, குந்தி இருந்து, மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் முன்னால் போவோம். இந்த வேகத்தில் வருசப் பிறப்புக்கு முன்பின்னாக இலந்தைக்குப் போய்ச் சேருவேன். உங்கள் அந்து அதுவரை நித்திரை கொள்ளுமா?

உங்கள் பட்டியல் எங்களுக்கு நன்றாக விளங்கியது. எங்கள் வரைபடத்திலும் அப்படித்தான். வெடி இருக்கிறது என்று தெரிந்த இடம் ஒன்று, எடுத்து முடித்த இடம் ஒன்று, ஒருவரும் பார்க்காத இடம் ஒன்று. பார்க்காத இடத்தில் மாடு மேயும், மயில் ஆடும், பார்க்க வடிவாக இருக்கும். அதை நாங்கள் நல்ல இடம் என்று சொல்வதில்லை. 'மதிப்பிடப்படவில்லை' என்று எழுதி வைத்தவர் நேர்மையான ஆள்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தத் தடியைத் தாண்டுவதென்றாலும், தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும், "வெளியில வாறன்" என்று கத்த வேண்டும். பிரிவுத் தலைவி மறுமொழி சொன்ன பிறகுதான் கால் எடுக்கலாம். முதல் மாதம் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. இப்போது வீட்டில் குசினியை விட்டு வெளியே வரும்போதும் கத்துகிறேன் என்று அம்மா ஏசுகிறார்.

உங்கள்
சுதா


வவுனியா
25.02.2024

அன்புள்ள சுதா,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்குச் சீனி குறைந்திருக்கிறது. பட்டியலைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நல்லாய்ச் சொன்னாய் தங்கச்சி.

ஆனால் எனக்குத் தவணை நெருங்குகிறது. பங்குனிக்குள் கூடு கையில் இல்லாவிட்டால் அந்து வெளியேறிவிடும், அல்லது குளவி துளைத்துவிடும். பிறகு அடுத்த வருடம்தான். நாற்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு இன்னொரு வருடம் படிக்க எனக்குத் தெம்பில்லை.

நான் ஒன்று யோசித்தேன். முள்ளம்பன்றி தினமும் இலந்தையடியால்தானே போகிறது? பாதை விழுந்திருக்கிறது என்று நீதானே எழுதினாய்? அது சின்ன உயிர் இல்லை. நன்றாகத் தின்ற கிடா, பாரமான ஆள். இத்தனை நாள் அது நடந்தும் ஒன்றும் வெடிக்கவில்லை என்றால் அந்தப் பாதை பார்த்த பாதைதானே? அதன் காலடித் தடத்திலேயே கால் வைத்துப் போனால் நாலு எட்டில் எடுத்துவிட்டு வந்துவிடலாம். வற்புறுத்தவில்லை. உனக்குத்தான் தெரியும். யோசித்துப் பார்.

அன்புடன்
அக்கா


வவுனியா
31.03.2024

அன்புள்ள சுதா,

உன் சுகத்துக்கு ஒரு வரி போடக்கூடாதா? ஒரு மாதம் தாண்டிவிட்டது. போன் எடுத்தால் மணி அடித்து நிற்கிறது. அம்மாவிடம் கேட்டால், "அவள் சுகமாத்தான் இருக்கிறாள், வேலை கூடவாம்" என்கிறார். அம்மாவோடு கதைக்கிறாய், என்னோடு இல்லை. நான் என்ன செய்தேன்?

கூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கூடு கிடக்கட்டும். சோதனைக்குப் படிக்கிறாயா? இதை நான் கேட்பது உனக்கு அதிசயமாக இருக்கும்.

அக்கா


பளை
20.04.2024

அன்பு அக்காவுக்கு,

சுகம். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. பிந்தியதற்கு மன்னியுங்கள்.

கூடு கிடைக்கவில்லை. ஒழுங்கை மரத்தடிக்குப் போக முந்தி, சித்திரை மழையோடு அந்து போய்விட்டது. கூட்டில் ஓட்டை இருக்கிறது. வெறுங்கூட்டை இத்துடன் அனுப்புகிறேன். முழு அந்து இல்லை என்றதில் எனக்குக் கவலை.

சோதனை முடிந்தது.

அக்கா, அந்த ஆய்வுகூட வேலை இன்னும் இருந்தால் நான் வருகிறேன். ஆனி முடிய விலகுவேன். அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன், அவருக்கு நல்ல சந்தோசம். காரணம் கேட்க வேண்டாம். களைத்துப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுதா


வவுனியா
27.04.2024

என் தங்கச் சுதா,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். ஐந்து வருடமாக நான் பிள்ளையாருக்கு உடைக்காத தேங்காயா? அதிபரிடம் அன்றைக்கே சொன்னேன். உனக்கு ஒரு அறையும் ஒதுக்கிவிட்டேன். யன்னலால் மாமரம் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் அலுமாரி வைக்க அத்தான் அளவெடுக்கிறார்.

கூட்டைப் பற்றிக் கவலைப்படாதே. வெறுங்கூடும் ஆதாரம்தான் என்று மேற்பார்வையாளரோடு சண்டை பிடிக்கிறேன்.

களைத்துவிட்டேன் என்கிறாய். வந்து ஆறு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

சந்தோசத்தில் நிற்கும்
அக்கா


பளை
12.05.2024

மதிப்புக்குரிய தாட்சாயினி ரீச்சருக்கு,

வணக்கம். நான் கௌசலா. சுதாஜினியின் பிரிவுத் தலைவி. உங்கள் குடும்பத்தார் நலமாக இருப்பார்கள் என்று எண்ணுகிறேன். முகம் பார்க்காத நான் எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். இந்தக் கடிதம் எழுதுவது சுதாஜினிக்குத் தெரியும். "எழுதாதேங்கோ" என்றார். "உம்மட அக்காவுக்குத் தெரிய வேணும்" என்று நான் சொன்னேன்.

சித்திரைச் சோதனையில் அவர்தான் முதலாவது. என் இடத்தை எடுக்கச் சொன்னபோது மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. விடாமல் கேட்டதில் சொன்னார்.

மாசிக் கடைசியில் உங்கள் கடிதம் வந்தது. அடுத்த நாள் வேலை முடிகிற நேரம் முள்ளம்பன்றிப் பாதைக்கு முன்னால், சிவப்புத் தடியடியில் நின்றிருக்கிறார். கருவியை வைத்துவிட்டு ஒரு காலைத் தூக்கியும் இருக்கிறார். அந்த நேரம் பழக்கத்தில் வாய் தானாகக் கத்தியிருக்கிறது: "கௌசலா அக்கா, வெளியில வாறன்!" எனக்கு நல்ல நினைவு. மரங்கள் மறைத்ததில் ஆளைத் தெரியவில்லை. நான் வழக்கம்போலக் கேட்டேன்: "எந்தப் பக்கம்?" கொஞ்சம் பொறுத்து, "இல்லை அக்கா, வரேல்ல" என்றார். தூக்கிய காலைப் பின்னால் வைத்துவிட்டார்.

பங்குனி முதல் கிழமை அவருடைய ஒழுங்கை அந்தப் பாதையைத் தொட்டது. பாதையிலேயே மிதிவெடி இருந்தது. முள்ளம்பன்றி கிழங்குக்குத் தோண்டியதில் ஓரமாகச் சரிந்து கிடந்தது. அதன் நடை ஒடுக்கம், விலகிப் போயிருக்கிறது. நம் கால் அகலம். கண்டெடுத்தது சுதாஜினிதான். முறைப்படி கத்தி, எல்லோரையும் பின்னால் அனுப்பி, எல்லாம் பிசகில்லாமல் செய்தார். இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார். கொளுத்தும் வெயில் என்று நாங்கள் நினைத்தோம்.

"கால் தூக்கினவள் மற்றவைக்கு என்னெண்டு புத்தி சொல்லுறது?" என்பதுதான் அவர் கதை. ரீச்சர், பதினாலு வருடமாக இந்த மண்ணில் குந்தி இருக்கிறேன். வைத்த காலை மறைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். வைக்காத காலைச் சொன்ன ஒருத்தியை இப்போதுதான் காண்கிறேன். என் இடத்துக்கு எனக்கு வேறு ஆள் வேண்டாம்.

நீங்கள் எழுதியதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அன்பில் எழுதியிருப்பீர்கள். அவர் உங்கள் சொல்லைத் தட்டமாட்டார். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு
கௌசலா


வவுனியா
16.05.2024

என் சுதா,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. கௌசலாவின் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 'நாலு எட்டு' என்று என் கையால் எழுதினேன். யன்னல் ஓரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எழுதினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள், உன் காலை விடச் சொன்னேன்.

நீ என்னை ஏசி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். எழுதாமல் உன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டாய். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஆய்வுகூட வேலை உனக்கு இல்லை. இன்று காலை அதிபரிடம் போய், "என்ர தங்கச்சிக்கு வேலை இருக்கு சேர், வேற ஆளைப் பாருங்கோ" என்றேன். அவர் விழித்துப் பார்த்தார். அறைக்கு அத்தான் அடிக்க இருந்த அலுமாரியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவோடு நான் கதைக்கிறேன், அழுதால் என்னோடு அழட்டும்.

ஐந்து வருடமாக நான் உன் வேலைக்குப் பயந்தேன். பயப்பட வேண்டியது என்னைப் போன்றவர்களுக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. நாளைக்கு அந்த நிலத்தைச் சனத்திடம் கொடுப்பார்கள். அங்கே ஒருத்தி பூச்சியைப் பார்த்துக்கொண்டு, கீழே பார்க்காமல் நடப்பாள். ஒரு பிள்ளை அணிலைத் துரத்தும். எல்லோரும் அவசரக்காரர், எல்லோரிடமும் ஒரு நல்ல காரணம் இருக்கும். அவர்களுக்கு முன்னால் நீ போயிருக்க வேண்டும், சுதா. வேறு யாரோ அல்ல, தூக்கிய காலைத் திருப்பி வைக்கத் தெரிந்த நீ.

என் ஆய்வில் அந்த அந்தின் பெயருக்கு நேரே, 'பளையில் வெறுங்கூடு கண்டது' என்று மட்டும் எழுதினேன். மிச்சத்துக்கு 'இன்னும் பார்க்கப்படவில்லை'. மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

உன்னைப் பெருமையாக நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் போனது. ஓம் என்று சொல்.

அக்கா


பளை
09.06.2024

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். இப்போது உண்மையாகவே சுகம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அத்தானிடம் கேட்டு உறுதி செய்வேன்.

கௌசலா அக்காவிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பொறுப்பெடுத்தேன். அவர் தன் விசிலை என் கழுத்தில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். முழங்கால் நோவிலும் விறுக்கென்று நடந்தார், அழுவதை நாங்கள் பார்க்கக்கூடாது என்று.

உங்களோடு எனக்குக் கோபம் இருந்தது அக்கா. பொய் சொல்லமாட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் பார்த்தேன். பிறகு நினைத்தேன், அக்கா எழுதாவிட்டாலும் அந்தப் பாதையை நான் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். எனக்கும் அந்தக் கூட்டில் ஆசை இருந்தது. அந்து வெளியே வருவதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று.

முதல் நாள் காலை எல்லோரையும் இருத்தி வைத்து, கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல், என் காலைப் பற்றி மட்டும் சொன்னேன். "எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். கால் தூக்கினா என்னட்ட வந்து சொல்லுங்கோ, நான் ஏச மாட்டன்" என்றேன். எல்லோரும் கவசத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். பெரிய பிழை விட்டுவிட்டேனோ என்று காலை முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறக்கும்போது தங்கம்மா அக்கா வந்து பக்கத்தில் இருந்தார். எங்களில் ஆகப் பழைய ஆள், எல்லோரையும் சிரிக்க வைக்கிறவர். அன்று சிரிக்கவில்லை.

"பிள்ளை," என்றார், "போன மாரிக்கு, நானும் ஒருக்கா காலை..."

நான் பெட்டியை மூடி வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்டேன்.

உங்கள் தங்கை
சுதாஜினி